டென்னிசன் அண்ணன் வீட்டு ஸ்பீக்கர்

குடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்கலாம், சீட்டாடுகிறவனுக்குக்கூடக் கொடுக்கலாம், பாட்டுக் கேட்கிறவனுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்பது என் மாமனாரின் கொள்கை. இந்தக் கொள்கையை அவர் தன் மகளை எனக்குக் கட்டிக் கொடுத்த பிறகுதான் வகுத்தார். ஆகவே அதற்குக் காரணம் யார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையில் நான் பாட்டுக் கேட்கிறவனே இல்லை. பாட்டுக் கேட்கிறவர்கள் கைபேசியில் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். (அவர்கள் குடும்பங்கள் நன்றாக இருக்கின்றன.) நான் ஸ்பீக்கரைக் கேட்கிறவன். கல்யாணமான புதிதில், நாகர்கோவிலில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை வீட்டு ஹாலில் பாதியை ஸ்பீக்கர்களுக்கும் மீதியை அவற்றின் வயர்களுக்கும் ஒதுக்கியிருந்தேன். என் மனைவி ஷைனி ஓரமாக ஒரு நாற்காலியில் குடியிருந்தாள்.

அப்போது என்னைப் பிடித்திருந்த பேய்க்கு வேகம் என்று பெயர். “ஸ்பீக்கருக்கு என்ன வேகம்? அது வெச்ச இடத்துலதானே இருக்கு?” என்று ஷைனி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் அதற்கு ஒரு பிரசங்கமே செய்தேன். தோலில் விரல் பட்டதும் மத்தளச் சத்தம் டக்கென்று கிளம்ப வேண்டும், விரல் எடுத்ததும் அப்படியே நிற்க வேண்டும். மெல்லிய சத்தம் மெல்லியதாகவே இருக்க வேண்டும், அடுத்த கணம் இடி இடித்தால் இடியாகவே இருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் சோம்பேறிகள். அடித்த பிறகு யோசித்துக் கிளம்பும். நிறுத்திய பிறகும் முனகிக்கொண்டே கிடக்கும். வேகமான ஸ்பீக்கர்கள் புதிதாக இருக்கும்போது சம்பளக்காரன் பக்கத்தில் போக முடியாது. எவனோ ஒரு பணக்காரன் வைத்து ஆண்டு அலுத்துத் தள்ளிவிடும்போதுதான் நமக்கு எட்டும். அதற்காக இணையத்தில் இரவு பகலாகக் காத்துக் கிடக்கிற ஒரு கூட்டம் உண்டு. அதில் நானும் ஒருவன்.

அப்படிக் காத்துக் கிடந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது. நெஞ்சு உயரத்துக்குப் பெட்டி, மேலே பெரிய புனல் போல விரிந்த ஹார்ன், கீழே சோற்றுப் பானை மூடி அகலத்துக்கு வூஃபர். பஹ்ரைனிலிருந்து கப்பலில் வந்தவை. விற்கிறவர் பெயர் டென்னிசன். மனைவி சோஃபா செட் போட இடம் கேட்பதால் விற்பனை. படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து ஊர்ப் பெயரைப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கருங்கல் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊர்தான் ஷைனியின் சொந்த ஊர். மாமனார் வீடும் அங்கேதான்.

மாமனார் என்னை நேராகத் திட்டியதே கிடையாது. மருமகனைத் திட்டுவது மரியாதை இல்லை என்பதால், என் காதில் விழுகிற தூரத்தில் நிற்கும் வாழையைத் திட்டுவார். போன முறை நான் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கியதற்கு அந்த வாழை பட்ட பாடு கொஞ்சமல்ல. “இனி ஒரு பெட்டி அந்த வீட்டுக்குள்ள ஏறிச்சுன்னா எனக்க மொவள நான் கூட்டிட்டு வந்துருவேன்” என்று அதனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“வாங்குங்கோ, வேண்டாம்னு சொல்லல்ல. அப்பாக்கக் காதுல மட்டும் விழப்பிடாது. விழுந்துதுன்னா நான் ஒண்ணும் அறியேன் கேட்டேளா,” என்றாள் ஷைனி.

துணைக்கு சாகுலைக் கூட்டிக்கொண்டேன். கோட்டாறில் மொபைல் கடை வைத்திருப்பவன், நல்ல காதும் அதைவிட நல்ல வயிறும் உடையவன். பெட்டிகளை ஏற்றிவர அவன் மச்சானுடைய குட்டியானை வண்டியையும் எடுத்துக்கொண்டோம். டென்னிசன் அண்ணன் போனில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து வேறொருவர் மதியத்துக்கு மேல் பார்க்க வருகிறார், அதற்குள் நீங்கள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று. ஆக, மாமனார் கண்ணில் படாமல் போய், கேட்டு, ஏற்றி, மதியத்துக்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும். மெயின் ரோட்டை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்து மண்பாதை வழியாகக் கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள் மாதிரி ஊருக்குள் நுழைந்தோம்.

டென்னிசன் அண்ணனின் வீடு சர்ச்சை ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு மதில்தான். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவர் மட்டும் இருந்தார். ஹாலில் அந்த இரண்டு பெட்டிகளும் நின்றன. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனேன்.

பழைய ஸ்பீக்கர் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கடல் பக்கத்து ஊர்களில் உப்புக் காற்று வூஃபரின் ஓரத்தை அரித்துவிடும். அதனால் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தேன். வூஃபரின் காகிதக் கோனை விரல் நுனிகளால் மெல்ல அமுக்கி உரசுகிறதா என்று கவனித்தேன். பின்பக்கம் போய்க் கருகிய வாடை வருகிறதா என்று முகர்ந்தேன். ஹார்னுக்குள் தலையை விட்டேன்.

“பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இவ்வளவு பாத்திருக்க மாட்ட மக்கா,” என்றான் சாகுல்.

டென்னிசன் அண்ணனுக்கு என் சோதனைகளைப் பார்த்துப் பெருமையும் பசியும் ஒன்றாக வந்தன. “நீங்க இருந்து நல்லா கேளுங்கோ. நான் முக்குக் கடையில பழம்பொரி வாங்கிட்டு வாறேன். சூடா இருக்கும்,” என்று கிளம்பினார்.

இனி நான் கொண்டுபோன சோதனைச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஸ்பீக்கரைச் சோதிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாட்டு ஸ்டுடியோவில் சமைத்தது, அதன் அசல் ருசி நமக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து காதால் கேட்ட ஒரு சத்தம் வேண்டும். நான் வளர்ந்ததும் ஒரு சர்ச்சின் பக்கத்தில்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் யாராவது இறந்தால் சர்ச்சில் துக்கமணி அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி கலகலவென்று அடிக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். துக்கமணி அப்படியில்லை. ஒரு அடி, அது முழுவதும் அடங்குகிறவரை காத்திருந்து அடுத்த அடி. சத்தம் எப்படிப் பிறக்கிறது, எப்படி முடிகிறது என்று பார்க்க இதைவிட உத்தமமான சத்தம் உலகத்தில் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்த அன்று, எல்லோரும் மலர்வளையத்தோடு போக, நான் மட்டும் இரவல் மைக்கை ஒரு கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டுக்குக் கீழே நின்று அதைப் பதிவு செய்தேன். (இறந்தவர் வீட்டார் நான் ஏதோ டிவிக்காரன் என்று நினைத்து எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.)

என் வீட்டு ஸ்பீக்கரில் அந்த மணி, தட்டில் யாரோ கரண்டியால் தட்டுவது போலத்தான் கேட்கும். அக்கம்பக்கத்தார் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனவே இதில் ஆபத்து ஏதும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போதாததற்கு, அறையில் சத்தம் முட்டுகிறதென்று சர்ச்சைப் பார்த்த பெரிய ஜன்னல்கள் இரண்டையும் நானே போய்த் திறந்துவைத்தேன். பிறகு சத்தத்தை நன்றாகத் திருகி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

முதல் அடி விழுந்தது. மணியின் நாக்கு வெண்கலத்தைத் தொடுகிற அந்த முனை, அதற்குப் பின்னால் விரிகிற பெரிய வட்டம், பிறகு மெதுவாக, மிக மெதுவாக அடங்குவது. என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

“மக்கா, இது பெட்டியிலேருந்து வரலடே. மேலேருந்து வருது,” என்றான் சாகுல்.

“பேசாத.”

திரும்பத் திரும்பப் போட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்துக் கேட்டேன், பின்னால் தள்ளிக் கேட்டேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. சாகுல்தான் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

“ஏல, ரோட்டுல ஆளுங்க ஓடுதாங்க. பொம்பளைங்க நெஞ்சுல அடிச்சிட்டுப் போறாங்க.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒருவர் சட்டை போட்டுக்கொண்டே ஓடினார்.

இந்த இடத்தில் சராசரி மனிதனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது பண்பாடு. “யாரோ தவறிட்டாங்க போல. இந்த நேரத்துல நாம சத்தமா வெச்சிருக்கது மரியாதையில்ல,” என்று சொல்லி மணியை நிறுத்தினேன். வெளியே போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் யார் என்று கேட்டேன்.

“செல்லையன் மாமா போயிட்டாரு பிள்ளே! கேட்டியா மணிய!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லையன் என் மாமனாரின் கூடப்பிறந்த அண்ணன், எனக்குப் பெரியமாமா. நெடுநாளாக நோயில் கிடந்தவரைப் போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் மாமனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லையில் நிற்கிற ஒரு தென்னையின் தேங்காய் யாருக்கு என்று, ஷைனி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஆரம்பித்த சண்டை. எங்கள் கல்யாணப் பந்தியில்கூட இருவரும் இரண்டு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். இருந்தாலும் சாவு சாவுதான். மனைவியின் பெரியப்பா இறந்த ஊரில் மருமகன் ஸ்பீக்கர் முகர்ந்துகொண்டிருந்தான் என்று பேர் வரக் கூடாது. ரகசியம் போனால் போகட்டும் என்று நானும் ஓடினேன். அவசரத்தில் வீட்டைப் பூட்டவில்லை, ஆம்ப்ளிஃபயரையும் அணைக்கவில்லை, மணிப் பதிவு இருந்த பென்டிரைவையும் உருவவில்லை.

பெரியமாமாவின் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. கூட்டத்தில் டென்னிசன் அண்ணனும் நின்றார். ஒரு கையில் பழம்பொரிப் பொட்டலம், மறு கையில் ரோஜா மாலை. தன் வீட்டு ஸ்பீக்கரில் அடித்த மணியைக் கேட்டு அவரே மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். (இதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அப்போது எனக்கு அது புரியவில்லை.)

உள்ளே கட்டிலில் பெரியமாமா. அவர் நெஞ்சின் மேல் என் மாமனார். தோட்டத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். இடுப்பில் துவர்த்துத் துண்டு, முழங்கால் வரை சேறு.

“அண்ணா, என்ன விட்டுட்டுப் போயிட்டியே! தேங்கா எல்லாம் நீயே எடுத்துக்கோ அண்ணா! ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டனே!”

ஊரே உருகி நின்றது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏலே, எழும்புலே. மூச்சு முட்டுது.”

பெண்கள் போட்ட கூச்சலில் இரண்டு பேர் முற்றத்தைத் தாண்டி ஓடினார்கள். கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். மாமனார் மெல்ல எழுந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருஷம் காப்பாற்றிய வீம்பை ஊர் முன்னால் தானே முதலில் உடைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. துவர்த்தை இறுக்கிக்கொண்டு, “தேங்கா எனக்குள்ளதுதான்” என்றார்.

“பொறுக்கிக்கோ. முதல்ல எனக்கக் கால்ல இருந்து மாறு,” என்றார் பெரியமாமா.

மாமியார் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “மருமவனப் பாத்தியளா! துக்கம்னு கேட்ட ஒடனே நாகர்கோயில்லேருந்து எப்படிப் பறந்து வந்திருக்காரு!” என்று எல்லோருக்கும் காட்டினாள். மாமனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த மனிதர் என்னை மதித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம்தான் நீடித்தது என்றாலும் நன்றாகவே இருந்தது.

சர்ச்சில் மணி அடிக்கிற ஞானதாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் சர்ச் சாவி. முகம் வெளுத்திருந்தது. “நான் அடிக்கல்ல. நான் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிட்டு நிக்கேன், மணி கேக்குது. ஓடிவந்து கதவத் திறந்து பாக்கேன். கயிறு ஆடல்ல. மணி ஆடல்ல. சத்தம் மட்டும் வருது. முட்டுல நின்னு ஜெபம் பண்ணிட்டேன்.”

யாரோ ‘கர்த்தாவே’ என்றார்கள். இது அடையாளம், ஆண்டவர் ஊரில் யாரையோ அழைக்கிறார் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன எதுக்குப் பாக்கிய?” என்றார் பெரியமாமா.

எனக்குள் என்னவோ பொறி தட்டியது. சாகுல் என் காதருகே வந்து, “மக்கா, சொல்லிரு. இல்லேன்னா நாளைக்கு இஞ்ச பந்தல் போட்டு உபவாசக் கூட்டம் வெச்சிருவாங்க,” என்றான். நான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

ஒரு அடி. நீண்ட மௌனம். இன்னொரு அடி. ஞானதாஸ் சாவியோடு எங்கள் முன்னால்தான் நிற்கிறார். சாவி கீழே விழுந்தது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியமாமா தலையணையிலிருந்து எழுந்து, “இது ஆருக்குடே?” என்றார்.

சத்தம் வந்த திசையில் ஊர் திரண்டு போனது. சர்ச்சைத் தாண்டி, மதிலைத் தாண்டி, டென்னிசன் அண்ணன் வீட்டுத் திறந்த ஜன்னல்களில் போய் முட்டி நின்றது. உள்ளே என் நாற்காலியில், அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்துக்காரர். வந்திருக்கிறார், கதவு திறந்து கிடந்திருக்கிறது, எல்லாம் தயாராக இருப்பதைப் பார்த்துத் தட்டிவிட்டிருக்கிறார். கண்ணைத் திறந்தவர் ஜன்னல் நிறைய முகங்களைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தார்.

“ஆரா மரிச்சே?” என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டென்னிசன் அண்ணன் ஸ்பீக்கரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமனார் பார்க்கவில்லை. டென்னிசன் அண்ணன் வீட்டுப் பலாமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, பத்து வாழை தாங்காததை அந்த ஒரு மரத்திடம் சொன்னார். ஏதோ சீக்குக் கண்டு அது பிறகு காய்க்கவே இல்லை என்று கேள்வி.

அந்தப் பெட்டிகள் உடனே ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. கருங்கல் தாண்டி, மார்த்தாண்டம் தாண்டி, கேரளத்துக்கே போக வேண்டும். திருவனந்தபுரத்துக்காரருக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. “எந்தொரு ஸ்பீடு!” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பெட்டிக்கு நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். நம் ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து பெட்டி தூக்கினால் பழக்கத்தில் நடை தானாக மெதுவாகிவிடுகிறது. ஞானதாஸ் முன்னால் நடந்தார். வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் டென்னிசன் அண்ணன் ஒரு பெட்டியின் மேல் போட்டார். பின்னால் போனவர்களில் உண்மையாகவே அழுதவன் நான் ஒருவன்தான்.

எங்கள் குட்டியானை சும்மா திரும்பவில்லை. வந்த மருமகனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மாமியார் மரச்சீனிக் கிழங்கும் ஒரு வாழைக்குலையும் ஏற்றினாள். மாமனார் ஒரு சாக்குத் தேங்காய் போட்டார். எந்த மரத்துத் தேங்காய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பெரியமாமா அதன் பிறகு தேறிவிட்டார். தன் சாவுக்கு யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் அழுவது போல நின்றார்கள் என்றெல்லாம் கண்ணால் பார்த்த மனிதருக்குப் பேச விஷயத்துக்குப் பஞ்சமா? மாமனார் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். தேங்காய்ச் சண்டை தொடர்ந்தது, ஆனால் நேருக்கு நேர். தம்பி அதிகம் பேசினால் அண்ணன், “அன்னைக்கு நெஞ்சுல கிடந்து அழுதது ஆருடே?” என்று கேட்பார். தம்பி வாயை மூடிக்கொள்வார்.

எனக்கும் அந்த ஊரில் ஒரு பதவி கிடைத்தது. நான் எந்த வீட்டுப் படி ஏறினாலும், “மருமவன் வந்தாச்சு, எல்லாரும் சொகமா இருக்கியளா?” என்று யாராவது ஆட்களை எண்ணுவார்கள். துக்கமணி அடித்தால் இறந்தது யார் என்று விசாரிப்பதற்கு முன்னால் எனக்குப் போன் வரும். “மருமவனே, இஞ்சயா நிக்கிய?” நான் நாகர்கோவிலில் இருக்கிறேன் என்று உறுதி செய்த பிறகுதான் சட்டையை எடுத்து மாட்டுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான். ஷைனியின் ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு கிடையாது.

மாமனார் மட்டும் அப்படி ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். ஒரு காலையில் ஆபீசில் இருந்தேன்.

“மருமவன் எங்க நிக்கிய?”

“ஆபீஸ்ல மாமா.”

“டென்னிசன் வீட்டுல இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் மணி அடிப்பது கேட்டது. ஒரு அடி, பிறகு நீண்ட இடைவெளி. அவர் தோட்டத்தில் நிற்கிறார், இன்னும் பெரியமாமா வீட்டுக்குப் போகவில்லை என்று புரிந்தது.

“இல்ல மாமா. நாகர்கோயில்லதான் இருக்கேன்.”

அடுத்த அடி விழுந்து அடங்கியது.

“ஏதாவது ஒரு பெட்டி பாக்க இஞ்ச வந்திருக்கப்பிடாதா மக்கா?” என்றார்.